வெயில் ஏறினால் ரேடியோ ஏன் தடுமாறுது?

தோட்டத்தில் உள்ள பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பழைய வால்வு ரேடியோவைப் போட்டவுடனே அது பாடாது. கொஞ்ச நேரம் சூடேற வேண்டும். சூடேறிப் பாடத் தொடங்கிய பிறகும் ஸ்டேஷன் மெல்ல மெல்ல நகர்ந்து போகும். முள்ளைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க வேண்டும். "பெட்டி சூடாயிருச்சு" என்று சொல்லி அதன் தலையில் ஒரு தட்டும் தட்டுவார்கள். அந்தப் பெட்டிகள் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இன்றைக்கு விரல் நீளத்தில் ஒரு துண்டு இருக்கிறது. அதைக் கொம்பியூட்டரில் சொருகினால் அதுவே ரேடியோ. ஆனாலும் சூடு என்கிற அந்தப் பழைய வியாதி மட்டும் இன்னும் விட்டபாடில்லை.

இம்முறை நாம் அந்தப் புது ரேடியோவைப் பற்றியும், கடும் வெயில் காலத்தில் அதை வைத்துக்கொண்டு சிலர் படும் பாட்டைப் பற்றியும் எழுதுகிறோம். படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைச் சத்தமாக வாசித்துக் காட்டலாம். விஞ்ஞானப் பாடத்தில் வரும் மீடிறன், முறிவு, அமுக்கம் எல்லாம் இதில் வருகிறது. தகரக் கூரைக்குக் கீழே பெட்டரி, போன், டீவி வைத்திருக்கிற எல்லோருக்கும் இதில் விஷயம் உண்டு.

முதலில் இந்த ஆட்கள் யார் என்று சொல்லிவிடுவோம். உலகம் முழுவதும் சம்பளத்துக்காக இல்லாமல், ஆசைக்காக வானொலி அனுப்பிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அமெச்சூர் வானொலிக்காரர்கள் என்று பெயர். பரீட்சை எழுதி, அரசாங்க அனுமதிப் பத்திரம் வாங்கி, ஆளுக்கொரு அழைப்புக் குறி வைத்துக்கொண்டு பேசுவார்கள். நம் நாட்டில் இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுதான் அந்தப் பத்திரத்தைக் கொடுக்கிறது. '4எஸ்7' என்று ஒரு அழைப்புக் குறி தொடங்கினால் அது இலங்கைக்காரர் என்று உலகத்துக்கே தெரியும். வேலையத்த வேலை என்று நினைத்துவிட வேண்டாம். 2004 டிசம்பரில் சுனாமி வந்து போன் கம்பிகள் எல்லாம் அறுந்து கிடந்தபோது, அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலை வழியாகச் செய்தி கொண்டு போனவர்கள் இவர்கள்.

இனி வெயிலுக்கு வருவோம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்த வானொலிக்காரர்களுக்கு ஒரு திருவிழா உண்டு. 'ஃபீல்ட் டே' என்பார்கள். 1933 இல் தொடங்கியது. ஒவ்வொரு ஜூன் மாதமும் நாலாவது சனி, ஞாயிறு. கரண்ட் போய்விட்டால் எப்படிச் சமாளிப்பது என்று பழகிக்கொள்வதற்காக, சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளி இடத்துக்குப் போய், கூடாரம் போட்டு, மரத்தில் ஏரியல் கட்டி, பெட்டரியிலும் ஜெனரேட்டரிலும் ஒரு நாள் முழுவதும் பேசுவார்கள். 2021 இல் அது ஜூன் 26, 27 ஆம் திகதிகளில் வந்தது. அங்கே மேற்குக் கரையில் சனிக்கிழமை காலை 11 மணிக்குத் தொடக்கம். நமக்கு அது இரவு 11.30.

அந்த இரண்டு நாளில்தான் அமெரிக்காவின் வடமேற்குப் பக்கமும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் வெந்து போயின. போர்ட்லண்ட் நகரத்தில் சனிக்கிழமை 42.2 பாகை செல்சியஸ். அதுவரை அந்த ஊர் கண்ட எல்லா வெயிலையும் அது தாண்டிவிட்டது. ஞாயிறு 44.4. திங்கள் 46.7. கனடாவில் லிட்டன் என்ற சின்ன ஊரில் ஜூன் 29 ஆம் திகதி 49.6 பாகை பதிவானது. மறுநாளே ஊரின் பெரும்பகுதி தீப்பிடித்து அழிந்தது. நுவரெலியாவில் பகலில் 20 பாகைச் சொச்சத்தில் கொழுந்து எடுக்கிற நமக்கு இந்தக் கணக்கெல்லாம் மனதில் ஏறுவதே கஷ்டம். அவர்களுக்கும் அப்படித்தான். அது குளிர் தேசம். சியாட்டில் பக்கத்தில் பாதிக்கும் குறைவான வீடுகளில்தான் குளிரூட்டும் மெஷின் இருந்தது. திறந்த வெளியில் கூடாரத்துக்குள் ரேடியோவோடு உட்காருவது என்றால் யோசித்துப் பாருங்கள். நல்ல காலமாக, கொவிட் காரணமாக 2020 இலும் 2021 இலும் வீட்டில் இருந்தபடியே பேசுகிறவர்களுக்கும் புள்ளி கிடைக்கும்படி விதியைத் தளர்த்தியிருந்தார்கள்.

சல்லடை போடாத ரேடியோ

இந்த ஆட்கள் இப்போது பயன்படுத்தும் பெட்டிகளில் நிறைய 'மென்பொருள் வானொலி' வகை. எஸ்.டி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதை ஸ்டோரை வைத்துச் சொன்னால் விளங்கும். தேயிலை காய்ந்து வந்த பிறகு சல்லடை சல்லடையாகப் போட்டு பி.ஓ.பி. வேறு, டஸ்ட் வேறு என்று பிரிக்கிறார்கள் அல்லவா? பழைய ரேடியோவும் அப்படித்தான். சுருள், கொண்டென்சர், வடிகட்டி என்று ஒவ்வொரு சாமானும் ஒரு சல்லடை. வேண்டிய ஸ்டேஷனை மட்டும் விட்டு மற்றதைத் தள்ளும்.

எஸ்.டி.ஆரில் சல்லடையே இல்லை என்று சொல்லலாம். ஏரியலில் வந்து விழுகிற எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு செக்கனுக்கு இருபது லட்சம் தடவைக்கு மேல் அளந்து, அளந்த எண்களைக் கொம்பியூட்டருக்குத் தள்ளிவிடும். பிரிப்பது, வடிப்பது, குரலாக்குவது எல்லாம் கொம்பியூட்டருக்குள் கணக்காகவே நடக்கும்.

இதில் மலிவான ரகம் வந்த கதை ருசியானது. ஐரோப்பாவில் கொம்பியூட்டரில் டீவி பார்ப்பதற்கென்று ஒரு சின்னத் துண்டு விற்றார்கள். அதற்குள் தைவான் ரியல்டெக் கம்பனியின் சிப் ஒன்று. 2012 அளவில் ஃபின்லாந்தைச் சேர்ந்த அன்டி பலோசாரியும் வேறு சிலரும், அந்தச் சிப் டீவி மட்டுமில்லை, பச்சையான எண்களையும் அப்படியே கொடுக்கும் என்று கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு ஒஸ்மோகொம் என்ற குழுவினர் மென்பொருள் எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். 20 டொலர் டீவித் துண்டு, சுமார் 24 மெகாஹேர்ட்ஸ் முதல் 1,700 மெகாஹேர்ட்ஸ் வரை கேட்கிற ரேடியோ ஆகிவிட்டது. அதற்கு முன் இப்படி ஒரு பெட்டி வேண்டுமென்றால் மாதக் கணக்கில் சம்பளம் சேர்க்க வேண்டும்.

மலிவு என்றால் எங்கேயாவது குறை இருக்கத்தானே செய்யும்? குறை பளிங்கில் இருக்கிறது. ரேடியோவுக்குள் தாளம் போடுகிற ஒரு சின்னப் பளிங்குத் துண்டு உண்டு. இந்தத் துண்டுகளில் அது செக்கனுக்கு 2 கோடியே 88 லட்சம் தடவை அதிரும். மற்ற எல்லாக் கணக்கும் அந்தத் தாளத்தை வைத்துத்தான். சூடு ஏறினால் தாளம் கொஞ்சம் தப்பும். எவ்வளவு தப்பும்? பத்து லட்சத்தில் 20 பங்கு என்று வையுங்கள். கைக்கடிகாரத்தில் அது வாரத்துக்கு 12 செக்கன் பிழை. யாரும் கவனிக்க மாட்டோம். ஆனால் 145 மெகாஹேர்ட்ஸில் கேட்கிறவருக்கு அது 2,900 ஹேர்ட்ஸ். அமெச்சூர்காரர்கள் தூரத்துக்குப் பேசுகிற ஒருபக்கப் பட்டைக் குரலின் முழு அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். அப்படின்னா என்ன, ஆள் பேசிக்கொண்டே இருப்பார், நம்ம பெட்டி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும்.

2017 இல் வந்த எஃப்.டி.8 என்ற முறையில் இது இன்னும் நுணுக்கம். பௌதிகவியலுக்கு நோபல் பரிசு வாங்கிய ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்க் என்பவரும் அமைத்தது. குரல் கிடையாது. கொம்பியூட்டர் பாடும் மெல்லிய தொனிகள்தான். முழு அகலமே 50 ஹேர்ட்ஸ். ஒரு தொனிக்கும் அடுத்த தொனிக்கும் 6.25 ஹேர்ட்ஸ்தான் இடைவெளி. 15 செக்கனுக்கு ஒரு முறை மாறி மாறி அனுப்புவார்கள். அந்த நேரத்துக்குள் தாளம் சில ஹேர்ட்ஸ் வழுக்கினாலே செய்தி போச்சு.

சாய்ந்து விழும் நீர்வீழ்ச்சி

இங்கேதான் எஸ்.டி.ஆர். பழைய பெட்டியை விடக் கெட்டிக்காரன். கொம்பியூட்டர் திரையில் அது கேட்கிற அத்தனை அலைகளையும் படமாகக் காட்டும். ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு வெளிச்சக் கோடாக மேலிருந்து கீழே இறங்கும். அதற்கு நீர்வீழ்ச்சி என்றே பெயர். தலவாக்கலைப் பக்கம் ரோட்டில் நின்று டெவன் அருவியையும் சென் கிளேயரையும் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் சரியென்று படும்.

ஸ்டேஷன் அசையாமல் இருந்தால் கோடு நேராக விழும். நழுவினால் கோடு சாயும். வெயில் நேரத்தில் அனுபவக்காரர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்: சாய்வது ஒரு கோடா, எல்லாக் கோடுமா? ரயிலில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே எல்லா மரமும் ஓடினால், ஓடுவது மரம் இல்லை, நாம்தான். அது போல எல்லாக் கோடும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் சூடானது நம்ம பெட்டி. ஒரே ஒரு கோடு மட்டும் சாய்ந்தால் அனுப்புகிறவரின் பெட்டியில்தான் கோளாறு. ஒரு கோடு மட்டும் பாம்பு போல வளைந்து போனால் அது பெரும்பாலும் செய்மதி. வேகமாக வந்து தாண்டிப் போவதால் அதன் மீடிறன் மாறித் தெரிகிறது. இந்த ஒரு பழக்கம் இருந்தால், நல்ல பெட்டியைக் கழற்றிக் கெடுக்கவும் தேவையில்லை, அனுப்புகிறவரைக் குறை சொல்லவும் தேவையில்லை.

அதற்கு வைத்தியம் பெரிய காரியம் இல்லை. போட்டவுடனே நம்பாமல் 15, 20 நிமிஷம் சூடாக விட வேண்டும். பிறகு மீடிறன் நிச்சயமாகத் தெரிந்த ஒரு ஸ்டேஷனை வைத்துப் பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டும். சூட்டுக்கு ஈடு கொடுக்கிற பளிங்கு வைத்த துண்டுகள் கொஞ்சம் விலை கூட. ஆனால் பிழை பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குள் அடங்கும். நமது எண்ணம், வாங்குகிறவர்கள் அதையே வாங்குவது. உலோகக் கூடு போட்டது கையில் தொட்டால் சுடும். உள்ளே இருக்கும் சூட்டை அது வெளியே கடத்துகிறது, பயப்பட வேண்டாம். பிளாஸ்டிக் கூடுதான் சூட்டை உள்ளேயே பூட்டி வைக்கும். 1,500 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே கேட்கும்போது சில துண்டுகள் சூட்டில் அடியோடு நின்றுவிடும். ஒரு சின்ன ஃபேன் காற்று பட்டால் திரும்ப எழும். ஐஸ் வைப்பது, பிரிஜ்ஜில் வைப்பது மட்டும் கூடாது. வெளியே எடுத்ததும் வேர்த்து, தண்ணீர் உள்ளே இறங்கிச் சாமான் கெட்டுப் போகும்.

மூடி போட்ட வானம்

பெட்டியைக் கெடுக்கிற அதே காலநிலை வானத்தில் வழி திறந்துவிடுவதும் உண்டு. இதுதான் இந்த ஆட்களை வெயிலிலும் எழும்பி உட்கார வைக்கிறது.

சாதாரணமாக மேலே போகப் போகக் குளிர் கூடும். கிலோமீட்டருக்கு ஆறு, ஏழு பாகை. ஆனால் ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் மேகமில்லாத இரவுகளைப் பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரியும். பள்ளத்தில்தான் குளிர் தங்கும். உறைபனி விழுந்து பள்ளத்துத் தேயிலை கருகும். மேட்டுத் தேயிலை தப்பிவிடும். காலையில் அடுப்புப் புகை மேலே போகாமல், எதிலோ முட்டினது போல லயத்துக்கு மேலே படுத்துக் கிடக்கும். கீழே குளிர்ந்த ஈரக் காற்று, மேலே சூடான உலர் காற்று, ஒரு மூடி போட்ட மாதிரி.

கடும் வெயில் காலங்களில் நாடு பரந்த அளவில் இப்படி ஒரு மூடி விழலாம். உயர் அமுக்கம் நிலைத்து நிற்கும்போது மேல் காற்று கீழே அமுங்கி இறங்கும். அமுங்க அமுங்கச் சூடாகி உலரும். 2021 இல் வந்ததும் இப்படிப்பட்ட உயர் அமுக்கத்தின் வேலைதான். கடல் மேலேயும், இரவில் குளிர்ந்த நிலத்தின் மேலேயும் ஈரக் காற்று கிடந்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ரேடியோ அலை முறிந்து வளையும். ரோட்டில் கானல் நீர் தெரிவது வெளிச்சம் வளைவதால். இது அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. மலைக்குப் பின்னால் மறைந்து போக வேண்டிய அலை, பூமியை ஒட்டிக்கொண்டே குழாய்க்குள் ஓடுவது போல நூற்றுக்கணக்கான மைல் ஓடும்.

1957 ஜூலையில் கலிபோர்னியாவில் ஜோன் சேம்பர்ஸும் ஹவாய்த் தீவில் ரால்ஃப் தோமஸும் 144 மெகாஹேர்ட்ஸில் பேசிக்கொண்டார்கள். நடுவே சுமார் 4,000 கிலோமீட்டர் பசிபிக் கடல். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால்தான் போகும் என்று நினைத்திருந்த அலை அது. நம் பக்கத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. 1980களில் ரூபவாஹினி நிகழ்ச்சிகளைத் தமிழ்நாட்டுக் கரையோர ஊர்களில் உயரமான ஏரியல் கட்டிப் பார்த்தார்கள். இடையே இருக்கும் கடல் அகலம் குறைவுதான். ஆனாலும் சில நாள் பளிச்சென்று தெரிந்து சில நாள் புள்ளியாகப் போனதற்கு இந்த மூடியும் ஒரு காரணம்.

வெயில்தான் அலையை இழுத்து வருகிறது என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. நண்பகல் கொதிக்கிற நேரத்தில் நிலத்தின் மேலே காற்று கலங்கி மூடி உடைந்துவிடும். அந்தி, இரவு, விடியற்காலைதான் நல்ல நேரம். இன்னொன்று, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடையில் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்படலம் திடீர் திடீரென்று தோன்றும். அதில் பட்டுத் திரும்பியும் தூர ஸ்டேஷன்கள் கேட்கும். அதற்கும் கீழே நாம் வேர்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை. எரிகல் தூளில் இருந்து வந்த உலோக அணுக்களை மேல் காற்று ஒதுக்கிச் சேர்ப்பதால் வருவது. இரண்டும் ஒரே மாதத்தில் வருவதால் குழப்பிக்கொள்கிறார்கள்.

இனிப் பெட்டரி. நமது தோட்டங்களில் கரண்ட் வருமுன் கார் பெட்டரியில் டீவி பார்த்த காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்றைக்கும் சோலார் லைட்டுக்கு வைத்திருக்கிறோம். 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஈயப் பெட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பெட்டரித் தொழில்காரர்களின் கணக்கு. அதனால்தான் அனுபவமுள்ள வானொலிக்காரர்கள் கூடாரத்தில் ஆளுக்கு முன் பெட்டரிக்கு நிழல் தேடுவார்கள். தகரத்துக்கு நேர் கீழே பரணில் வைக்காதீர்கள். தரையோடு, காற்றுப் படுகிற இடத்தில் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய வாயு வரும், அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். வெயில் மாதங்களில் உள்ளே தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, வடித்த நீர் மட்டும் ஊற்ற வேண்டும். போனையும் பவர் பேங்கையும் சுட்டுக்கொண்டிருக்கும்போது சார்ஜில் போடாமல் ஆற விட்டுப் போடுங்கள்.

சாமான் போனால் வாங்கலாம். 2021 இல் அந்த ஒரு வாரத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மட்டும் வெப்பத்தால் 619 பேர் இறந்ததாக அந்த மாகாணத்து மரண விசாரணை அதிகாரிகள் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு 98 பேர் இறந்தது வீட்டுக்குள்ளேயோ வேறு கூரைக்குக் கீழேயோதான். வெயிலில் வேலை செய்த இடத்தில் அல்ல. பாதிக்கும் மேலானவர்கள் தனியாக இருந்தவர்கள். பெரும்பாலானோர் 70 வயதைத் தாண்டியவர்கள். யாரும் கதவைத் தட்டிப் பார்க்கவில்லை, அதுதான் வயிற்றைப் பிசைகிறது.

வானொலிக்காரர்களிடம் இதற்கு ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. குறித்த நேரத்தில் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். 'நெட்' என்பார்கள். ஒருவர் நின்று பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவது போல ஒவ்வொரு அழைப்புக் குறியாகக் கூப்பிடுவார். பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தினம் பேசுகிற ஒரு கிழவர் இரண்டு நாள் பதில் சொல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கிறவர் போய்ப் பார்ப்பார். நமது லயத்தில் அடுத்த காம்பராவில் இருமல் சத்தம் கேட்காவிட்டாலே தெரிந்துவிடும். பிள்ளைகள் கொழும்புக்குப் போய், பாட்டி மட்டும் தனியே இருக்கிற காம்பராக்கள் இப்போது கூடி வருகின்றன. பெப்ரவரி, மார்ச்சில் பகல் இரண்டு மணிக்கு அந்தத் தகரத்துக்குக் கீழே கை வைத்துப் பாருங்க, அப்போது தெரியும்.

இதைப் படித்துவிட்டு ஆசைப்படுகிற பிள்ளைகள் இருப்பார்கள். அனுப்புவதற்கு அனுமதிப் பத்திரம் இல்லாமல் கை வைக்கக் கூடாது. வெளிநாட்டில் இருந்து வானொலிக் கருவி எதையும் தருவிக்குமுன் ஆணைக்குழுவிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் எதையும் வாங்காமலே கேட்டுப் பழக ஒரு வழி உண்டு. நெதர்லாந்து நாட்டில் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஒரு மென்பொருள் வானொலியை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். பெயர் வெப் எஸ்.டி.ஆர். போனிலேயே திறந்து, முள்ளை நாமே நகர்த்திக் கேட்கலாம். காசு இல்லை, டேட்டா செலவு மட்டும். நீர்வீழ்ச்சிப் படமும் அதில் ஓடும். 7,100 கிலோஹேர்ட்ஸ் பக்கம் போய் மெல்ல நகர்த்திப் பாருங்கள். எல்.எஸ்.பி. என்ற பொத்தானை அழுத்தினால்தான் குரல் குரலாக வரும். முள் கொஞ்சம் விலகி நின்றால் வாத்து கத்துவது போல இருக்கும். பொறுமையாகத் திருப்பினால் வாத்து மனுஷனாகும். கோடை மாதங்களில் நமக்கு இரவு 9.30 என்றால் அங்கே மாலை 6 மணி, வேலை முடிந்து ஆட்கள் பேச உட்காருகிற நேரம்.